மழை இல்லாத நாளில் ஓடும் மழைநீர்

ஐப்பசியில் முதல் அடைமழை பெய்து தெருவில் கறுப்புத் தண்ணீர் ஏறியதும் சென்னையில் ஒரு தீர்ப்பு தயாராகிவிடுகிறது. டீக்கடை பெஞ்சு, தொலைக்காட்சி விவாதம், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு என்று எங்கே கேட்டாலும் வாசகம் மாறாது. “நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே கிடையாது சார். மழைத்தண்ணி போற கால்வாய்ல கக்கூஸ் தண்ணிய விட்டா ஊரு நாறாம என்ன பண்ணும்?” அதன்பின் வரும் வரியும் எல்லோருக்கும் மனப்பாடம்: “சிங்கப்பூர்ல இப்படிப் பண்ணிட்டு வெளிய நடமாட முடியுமா?”

இதை முழுப்பொய் என்று தள்ள நான் வரவில்லை. இரவோடு இரவாகச் சாலையைத் தோண்டி வடிகாலில் குழாய் சொருகுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரு அடங்கிய பிறகு கழிவுநீர் லாரியின் வால்வைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குற்றவாளி ஒருவன் இருக்கிறான் என்பது வேறு, குற்றம் முழுவதையும் அவன் தலையில் கட்டிவிட்டு விசாரணையையே மூடிவிடுவது வேறு. ‘பொறுப்பில்லாத ஜனங்கள்’ என்ற பேச்சு, தேட வேண்டியவர்களுக்கு நிரந்தர விடுமுறை கொடுத்திருக்கிறது. என் வாதம் இதுதான்: ஒரு வடிகாலின் வாயிலிருந்து என்ன வெளிவருகிறதோ அதற்கு அந்த வடிகாலின் உடைமையாளரே முதல் பொறுப்பாளி. உள்ளே விட்டது யார் என்று கண்டுபிடிப்பதும் அவர் வேலை.

முதலில் கண்ணெதிரே கிடக்கும் சாட்சியத்தைப் பார்ப்போம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆண்டில் ஏறக்குறைய முந்நூறு நாள் சொல்லிக்கொள்ளும்படி மழை கிடையாது. அந்த முந்நூறு நாளும் மழைநீர் வடிகால் காய்ந்து கிடக்க வேண்டும். சித்திரை வெயிலில் தார் இளகும் நண்பகலில் ஓட்டேரி நல்லாவின் மீதோ மாம்பலம் கால்வாயின் மீதோ ஒரு பாலத்தில் நின்று பாருங்கள். பக்கச் சுவரில் தெரு வடிகால்கள் வந்து முடியும் வாய்கள் தெரியும். அவற்றில் ஏதாவது ஒன்றில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தால், அது வானத்திலிருந்து வந்ததில்லை. பொறியாளர்கள் இதை உலர்காலப் பாய்ச்சல் என்பார்கள். கைரேகை நிபுணரைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாத குற்றம் இது. குற்றவாளி தினமும் அதே இடத்துக்கு அதே நேரத்தில் வருகிறான். நாமோ நவம்பரில், எல்லாம் வெள்ளத்தோடு கலந்து தடயம் கரைந்த பிறகு, கேமராவைத் தூக்கிக்கொண்டு போகிறோம்.

‘நம்ம ஜனங்கள்’ என்ற சொல்லும் ஆராயத் தக்கது. 1987-இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோ நகரில் நடந்த ஆய்வு ஒன்று, மழைநீர்க் குழாய்கள் வெளியேற்றிய நீரில் ஏறத்தாழ பாதி மழையோடு தொடர்பில்லாதது என்று கண்டது. பிரிட்டனில் வாஷிங் மெஷினையும் பாத்திரம் கழுவும் எந்திரத்தையும் மழைநீர்க் குழாயோடு தவறுதலாக இணைத்துவிட்ட வீடுகள் ஏராளம். பல வீட்டுக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. அங்கெல்லாம் நம்ம ஜனங்கள் குடியிருக்கவில்லை. பூமிக்கடியில் இரண்டு குழாய் பக்கம் பக்கமாகப் போகும் எந்த ஊரிலும் ஒன்று மற்றொன்றோடு கலக்கும். அதைத் தேடிப் பிரிக்கும் ஊரும் உண்டு, மூடியைப் போட்டு மறக்கும் ஊரும் உண்டு.

சரி, இங்கே இணைத்தவர் ஏன் இணைத்தார்? 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பெரும்பாலான தெருக்களுக்கு அன்று பாதாளச் சாக்கடை கிடையாது. அது தெருத்தெருவாக வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. பல தெருக்களில் மழைநீர் வடிகால் முந்திக்கொண்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அதற்குப் பணமும் அவசரமும் இரண்டும் இருந்தன. ஆக, வாசலில் காலியான கான்கிரீட் வடிகால், கொல்லையில் நிரம்பித் தளும்பும் செப்டிக் டேங்க் என்ற நிலை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசின் அளவுகோல். அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்று கொள்வது பொறியாளர் வழக்கம். நால்வர் குடும்பத்துக்கு 432 லிட்டர். இருபது வீடுள்ள அடுக்ககத்துக்கு 8,640 லிட்டர். அதாவது 9,000 லிட்டர் லாரி ஒன்று ஏறக்குறைய நாள் தவறாமல் வந்து உறிஞ்சிப் போக வேண்டும். ஞாயிறு, தீபாவளி, புயல் விடுமுறை எதுவும் கிடையாது. இதை எந்தக் குடியிருப்புச் சங்கம் தாங்கும்? எந்தப் பிளம்பரைக் கேட்டாலும் வழக்கமான தீர்வைச் சொல்வார்: “கக்கூஸ் லைன மட்டும் டேங்குக்கு விட்டுருவோம் சார். குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணியெல்லாம் வெளிய.” அந்த ‘வெளிய’ என்பது வடிகால். டேங்க் நிரம்பியதும் அதன் வழிகுழாயும் அதே ‘வெளிய’தான் போய்ச் சேரும். அவருக்கு இது திருட்டாகத் தோன்றுவதில்லை. போக வேறு இடம் காட்டாத ஊரில் தண்ணீர் பள்ளத்தைத் தேடுகிறது, அவ்வளவுதான். இணைக்கச் சாக்கடை இல்லாதவரை ‘சட்டவிரோத இணைப்பு’ என்று குற்றம் சாட்டுவது, பேருந்தே விடாத ஊரில் டிக்கெட் எங்கே என்று கேட்பதைப் போன்றது.

பாதாளச் சாக்கடை வந்துவிட்ட தெருவிலும் கதை முடிவதில்லை. வடிகால் மாநகராட்சியுடையது. சாக்கடை, 1978-இல் உருவான குடிநீர் வாரியத்துடையது. இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் ஆறுகள் நீர்வளத் துறையுடையவை. காகிதத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. மண்ணுக்கடியில் அந்த எல்லையெல்லாம் கிடையாது. சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டாலோ, உந்து நிலையத்தில் மின்சாரம் போய் மோட்டார் நின்றாலோ, தேங்கும் கழிவு எங்கேயாவது வழிந்தாக வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது வடிகால். மழைநாளில் இது தலைகீழாக நடக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் தெருக்காரர்கள் மேன்ஹோல் மூடியைத் தூக்கிவிடுவார்கள். வெள்ளம் சாக்கடைக்குள் இறங்கும், கொள்ளாமல் அடுத்த தெருவில் பொங்கும். மழை பெய்தால் வடிகால் சாக்கடைக்குள், மழை ஓய்ந்தால் சாக்கடை வடிகாலுக்குள். இந்தக் கொடுக்கல் வாங்கலில் குடிமகனுக்குப் பங்கு உண்டுதான். ஆனால் கணக்குப் புத்தகம் அவனிடம் இல்லை.

பொறுப்பில்லாத ஜனங்கள் என்ற வாதம் முழுதாக உடைந்துபோகும் இடம் எண்ணூர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து படர்ந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் அப்பியது. மணலியில் உள்ள சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் மழைநீர் மேலாண்மையில் குறைபாடு இருந்ததை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக்காட்டியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. இங்கே எந்தக் குடித்தனக்காரர் எந்தக் குழாயைச் சொருகினார்? ஆலைக்குள் விழும் மழை, ஆலைத் தரையில் உள்ளதையெல்லாம் வழித்துக்கொண்டுதான் வெளியே வரும். அது போகும் வழியைக் காப்பது ஆலையின் கடமை, கண்காணிப்பது அரசின் கடமை. குப்பத்து மக்கள் அந்த நாடகத்தில் அடிபட்டவர்கள்.

இனி சிங்கப்பூருக்கு வருவோம். அந்தப் பெயரைச் சொல்லி அபராதப் புத்தகத்தை ஆட்டுகிறவர்கள் அந்த ஊர் என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ, சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் பத்தாண்டில் சுத்தமாக்கச் சொன்னார். 1987-இல் வேலை முடிந்தது. அதிகாரிகள் முதலில் செய்தது, ஆற்றில் அழுக்கு எங்கெங்கிருந்து வருகிறது என்று பட்டியல் எடுத்தது. ஏறத்தாழ 5,000 தெரு உணவு வணிகர்கள் எச்சில் தண்ணீரை வடிகாலில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குழாயும் சாக்கடை இணைப்பும் உள்ள உணவங்காடிகளைக் கட்டி அவர்களை அங்கே குடியமர்த்தினார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு அரசு கட்டிய அடுக்குமாடி வீடு கிடைத்தது. பன்றி, வாத்துப் பண்ணைகள் படுகையை விட்டே வெளியேற்றப்பட்டன. அதில் கட்டாயம் இருந்தது, பிழைப்பு இழந்தவர்களின் கண்ணீரும் இருந்தது. அப்படியே நகல் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தேடல், பிறகு மாற்று வழி, அதன்பிறகு கண்டிப்பு. நாம் மூன்றாவதை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்து அதற்குச் சிங்கப்பூர் என்று பெயர் வைத்திருக்கிறோம். 2001-இல் அவர்கள் குடிநீர், சாக்கடை, வடிகால் மூன்றையும் பொதுப் பயனீட்டுக் கழகம் என்ற ஒரே கையில் கொடுத்தார்கள். 2008-இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு நகரத்தின் நடுப்பகுதியில் வடிகாலில் விழும் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்திகரிக்கப்பட்டுக் குடிநீராக வருகிறது. வடிகாலை அசட்டை செய்தால் தன் டம்ளரிலேயே தெரியும் என்ற ஏற்பாடு அது.

நம் ஊரில் மருந்து மூன்று. முதல் மருந்து, அபராதமும் அடைப்பும். இணைப்பைக் கண்டால் சாக்குமூட்டையும் சிமெண்டும் வைத்து அடைப்பார்கள். உள்ளே கழிவு நின்றுவிடுமா? தரைத்தளத்து வீட்டின் குளியலறையில் எதிர்த்து ஏறும். ஒரு வாரத்தில் கடப்பாரை வரும், அடைப்பு போகும். மாற்று வழி இல்லாத இடத்தில் போடும் அபராதம், வடிகாலுக்குக் கட்டும் வாடகையாகிவிடும்.

இரண்டாம் மருந்து, தூர்வாருதல். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் நடக்கும் திருவிழா இது. தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூர் எங்கிருந்து வந்தது? மண்ணும் இலையும் ஒரு பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி சாக்கடை கொண்டுவந்தது. சாக்கடைக் குழாயை வட்டமாக அமைப்பதற்குக் காரணம் உண்டு. ஓடுவது கொஞ்சமானாலும் குறுகி, வேகமெடுத்து, கசடைத் தள்ளிக்கொண்டு போகும். நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது அதன் பாடம். மழைநீர் வடிகால் தட்டையான அடியுள்ள பெட்டி. வெள்ளம் பாய்வதற்காகச் செய்தது. அதில் நாள் முழுக்கச் சிறு தாரையாகக் கழிவு விட்டால் அகலமாகப் பரந்து, ஊர்ந்து, கசடைக் கீழே விட்டுவிடும். சென்னையோ தாம்பாளத் தட்டு போன்ற தரை. மாசும் வெள்ளமும் வேறு வேறு பிரச்சினை என்று இரு கோப்பு போடுகிறவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். பங்குனியில் வடிகாலில் ஊர்ந்த கழிவுதான் கார்த்திகையில் வெள்ளம் வடிய வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கியூலெக்ஸ் கொசு வளர்வதும் அந்த அழுக்குத் தேக்கத்தில்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வடிகாலை வாருவதற்கு மனிதர் இறங்கும் இடங்கள் இன்னமும் உண்டு. 2013-இல் வந்த கையால் மலம் அள்ளும் தடைச் சட்டம் சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் பற்றிப் பேசுகிறது. ‘மழைநீர்’ என்று பெயர் சூட்டிய குழிக்குள் இருப்பதும் அதே மலம், அதே விஷவாயு. பொய்ப் பெயரின் விலையை முதலில் கொடுப்பவர் அங்கே இறங்கும் தொழிலாளி.

மூன்றாம் மருந்து புதிது, கேட்க அழகாக இருக்கும். வடிகாலின் வாயிலேயே மறித்து, வரும் கழிவைச் சாக்கடைக்கோ சுத்திகரிப்பு நிலையத்துக்கோ திருப்பிவிடுவது. அவசர உதவியாக இதை ஏற்கலாம். ஆனால் தெருத்தெருவாகக் கலந்த அழுக்கை வடிகாலே சேகரித்துத் தரட்டும், கடைசியில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது, வடிகாலைச் சாக்கடையாகவே பதிவு செய்துவிடுவதற்குச் சமம். மழை கொட்டும் நாளில் மறிப்பைத் தாண்டி எல்லாமே ஆற்றுக்குப் போகும், முந்நூறு நாள் படிந்த கசடையும் கிளப்பிக்கொண்டு.

வேறு வழி உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் 1972-இன் தூய நீர்ச் சட்டத்தை 1987-இல் திருத்தி, நகர மழைநீர் வடிகால்களையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தார்கள். உரிமம் வாங்க வேண்டியவர் நகராட்சி. வடிகாலில் வரக்கூடாதது வந்தால் அதைத் தேடிக் கண்டு நீக்குவது உரிமத்தின் நிபந்தனை. பாஸ்டன் நகரத்தை ஒட்டி ஓடும் சார்ல்ஸ் ஆற்றுக்கு 1995-இல் சுற்றுச்சூழல் முகமை போட்ட மதிப்பெண் ‘டி’. கரையோர நகராட்சிகளின் வடிகால் வாய்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, மேல்நோக்கிப் போய், கலந்த இணைப்புகளைப் பிரிக்கச் சொன்னார்கள். மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடும் கலப்புச் சாக்கடைகள் வழிவதும் பெரிதாகக் குறைக்கப்பட்டது. பத்தாண்டில் எங்கும் எப்போதும் நீந்தலாம் என்ற குறிக்கோள் முழுமையாகக் கைகூடவில்லை. ஆனால் மதிப்பெண் ‘பி’க்கு மேல் ஏறியது, 2011-இல் அந்த ஆறு சர்வதேச நதி விருது பெற்றது. பாஸ்டன்காரர்கள் திடீரென்று நல்லவர்களானதால் வந்த மாற்றம் என்று யாரும் எழுதவில்லை.

“இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் வடிகாலில் யார் தேடுவது? எந்த ஆய்வகம் தாங்கும்?” என்பார்கள். நியாயமான கேள்வி. இன்னொன்றும் கேட்கலாம்: கடலோர ஊரில் நிலத்தடி நீரே வடிகாலுக்குள் கசியுமே, எல்லாப் பாய்ச்சலும் சாக்கடை ஆகுமா? ஆகாது. அதனால்தான் சோதனை வேண்டும். அந்தச் சோதனை மலிவானது. கொளத்தூர் வண்ணமீன் சந்தைப் பக்கம் போய்ப் பாருங்கள். தொட்டித் தண்ணீரில் அம்மோனியா ஏறியிருக்கிறதா என்று பார்க்க, நிறம் மாறும் சொட்டு மருந்தை மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கிறார்கள். மனிதக் கழிவு கலந்த நீரில் அம்மோனியா காட்டிக்கொடுத்துவிடும். சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிரும் பொருள் உண்டு. சாயமேற்றாத பஞ்சை வடிகாலில் சில நாள் கட்டித் தொங்கவிட்டு, கல்லாவில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் பஞ்சு ஒளிரும். மழை ஓய்ந்து இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போனால் போதும். ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியது, இந்தச் சல்லடையில் சிக்கியதை மட்டும்.

இடத்தைப் பிடிப்பதும் கம்பசூத்திரம் இல்லை. ஒரு வடிகாலில் அறுபத்து நான்கு மூடிகள், எங்கோ ஓரிடத்தில் கழிவு நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். நடு மூடியைத் திற. அங்கே அழுக்கு ஓடினால் மேல்பாதி, ஓடாவிட்டால் கீழ்ப்பாதி. மறுபடி பாதி. ஆறாவது மூடியில் ஆள் சிக்குவார். நுழைவாய் பத்தென்றால் வேலை பல மடங்காகும், ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் அது ஒரு வார்டு ஊழியர் குழுவின் சில நாள் நடை. கடைசியில் சந்தேகமுள்ள கட்டடத்தின் கழிப்பறையில் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட்டால், எந்தக் குழாயில் நிறம் வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம். பிறகுதான் தீர்ப்பு. அங்கே சாக்கடை இருந்தும் இணைக்காதவருக்கு அபராதம், சாக்கடையே போடாத தெருவுக்குச் சாக்கடை, வாரியத்தின் குழாயே வழிந்தால் வாரியத்துக்கு நோட்டீஸ். யார் என்று தெரியாமலே எல்லோரையும் திட்டுவதைவிட இது மரியாதையான வழி.

எனக்கு வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஆற்றிலும் கால்வாயிலும் திறக்கும் ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் ஓர் எண் எழுதுங்கள். மாதம் ஒருமுறை, மழையில்லாத நாளில், அதில் நீர் ஓடுகிறதா, என்ன நாற்றம், அம்மோனியா எவ்வளவு என்று குறித்து வார்டு அலுவலக வாசலில் ஒட்டுங்கள். பக்கத்தில் அந்த வாய்க்குப் பொறுப்பான பொறியாளரின் பதவிப் பெயர் இருக்கட்டும். தெருவிளக்குக் கம்பத்துக்கு எண் இருக்கிறது, வாக்குச்சாவடிக்கு எண் இருக்கிறது. முந்நூறு நாள் ஆற்றில் கழிவு கொட்டும் வாய்க்கும் ஓர் எண் இருந்தால், டீக்கடைத் தீர்ப்பு தானாக மாறும். “நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பு இல்லை” என்று சொல்லும் அதே வாய், “நாற்பத்தேழாம் நம்பர்ல மூணு மாசமா ஓடுதே, ஏன்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கத்தான் இத்தனை காலமாக ஜனங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.